நள்ளிரவில் ஓர்லாக் பிரபு

பெர்லினில் பாபிலோன் என்று ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது. சனிக்கிழமை நள்ளிரவில் அங்கே மௌனப்படம் போடுகிறார்கள், அதுவும் காசில்லாமல் என்று விடுதியில் ஒருவர் சொன்னார். அந்த வாரம் ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ரத்தக்காட்டேரிப் படம் என்றதும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன். வார இறுதியில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும் என்பதால் திரும்பி வரும் கவலையும் இல்லை. ரோசா லக்சம்பர்க் பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கினால் தியேட்டர் பக்கத்திலேயே.

1929இல் திறந்த கட்டடம் அது. வடிவமைத்தவர் ஹான்ஸ் போல்ட்சிக். 1920இல் வந்த ‘கோலெம்’ படத்துக்குக் கோணல்மாணலான தெருக்களை உருவாக்கியவரும் அவர்தான். தியேட்டரில் அந்தக் கிறுக்கெல்லாம் இல்லை, நேர்கோடுகளாக, அடக்கமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவிதான் விசேஷம். மௌனப்படங்களுக்கு வாசிக்கவென்று அந்தக் காலத்தில் வைத்தது, இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.

படம் 1922இல் வந்தது, இயக்கியவர் முர்னாவ். கதை ‘டிராகுலா’ நாவலுடையது. உரிமை வாங்காமல், பெயர்களை மாற்றி எடுத்தார்கள். டிராகுலா பிரபு ஓர்லாக் பிரபு ஆனார். நாவலாசிரியரின் மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர் சும்மா விடவில்லை. வழக்குப் போட்டார். 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடு போய்விட்டதால்தான் நமக்குப் படம் மிஞ்சியது. அவர் கேட்டது நியாயமே. ஆனாலும் அவர் முழுதாக ஜெயிக்காததில் எனக்குச் சந்தோஷம்.

ஆரம்பத்தில் அரங்கம் சிரித்துக்கொண்டேதான் இருந்தது. பிரபுவின் குதிரை வண்டி விசுக் விசுக்கென்று ஓடிவரும் இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே காடு நெகட்டிவில் தெரிகிறது: மரங்கள் வெள்ளை, வானம் கறுப்பு. சிரிப்பு பாதியில் நின்றது.

இந்தப் படத்தை முன்பு மொபைலில், வெறும் கறுப்பு வெள்ளையில் பார்த்திருக்கிறேன். அதில் ஓர்லாக் தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடப்பார். பயமே வராது. அன்று திரையிட்டது நிறம் ஏற்றிய பிரதி. அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளையும் வெயிலில்தான் எடுத்தார்கள். பிறகு ஃபிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். நீலம் போனால் கதையே போச்சு. ஏனென்றால் ரத்தக்காட்டேரி சூரிய ஒளியில் மடிந்துபோகும் என்பது நாவலில் கிடையாது, இந்தப் படம் கொண்டுவந்தது. கடைசியில் நீலம் விலகிப் பொழுது விடியும்போதுதான் அது உறைத்தது.

அதற்குச் சற்று முன்னால் மாடிப்படிக் காட்சி. சுவரில் நிழல் மட்டும் ஏறுகிறது. கூன் முதுகு, நீண்ட விரல்கள். அதுவரை அடிவயிற்றில் அதிரும்படி வாசித்துக்கொண்டிருந்த ஆர்கன் கலைஞர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். நிழல் கதவை எட்டும்வரை ஒரு சத்தம் இல்லை. முன்வரிசையில் பீர் பாட்டிலை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு தாழ்ந்த சுரம். எழுதி வைத்து வாசித்தாரா, அந்த நேரத்தில் தோன்றியதா? கேட்கலாமென்று பார்த்தால் அவரைச் சுற்றி ஒரே கூட்டம்.

மறுநாள் மிருகக்காட்சிசாலைப் பக்கம் போனேன். 1922 மார்ச் 4ஆம் தேதி படம் முதலில் திரையிடப்பட்டது அங்கிருந்த பளிங்கு மண்டபத்தில்தான். மண்டபம் இப்போது இல்லை. ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். முர்னாவின் கல்லறை நகருக்கு வெளியே ஸ்டான்ஸ்டார்ஃபில் இருக்கிறது. 2015இல் அவருடைய மண்டையோட்டையே யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று படித்ததும், அந்தப் பக்கம் போகும் ஆசை விட்டுப்போனது.

போகிறவர்களுக்கு: படம் வாராவாரம் மாறும், நிரலைப் பார்த்துக்கொண்டு போங்கள். நடுநடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் ஜெர்மனில் வரும், கதை தெரிந்தால் போதும். ஆர்கன் வாசிப்பவரின் கை தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள்.