விலங்கையும் பார்க்கணும், ஆட்களையும் பார்க்கணும்

காட்டுயிர்ப் படம் எடுக்க விரும்புகிறவர்களைக் குழுவாக அழைத்துப் போவது என் தொழில். கேள்விப்படுகிறவர்கள், "உங்களுக்கென்ன, நாள் பூரா காட்டில் படம் எடுக்கலாம்" என்பார்கள். குழுவோடு போகும் நாளில் என் கேமரா பையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ஒரு கண் விலங்கின் மேல் இருக்கும், இன்னொரு கண் வந்தவர்கள் மேல். இரண்டில் யார் முதலில் பொறுமை இழக்கிறார்கள் என்று கவனிப்பதுதான் வேலையில் பெரும்பகுதி.

போன பிப்ரவரியில் வால்பாறைக்குப் போன குழுவில் எட்டுப் பேர். ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதற்கு அருகே வரையாடுகள் சாலையோரத் தடுப்புச் சுவரிலேயே நின்றன. வண்டிகளுக்குப் பழகியவை என்பதால் எல்லோருக்கும் படம் கிடைத்தது. வந்தவர்களுக்கு உற்சாகம். எனக்கு மனசெல்லாம் வால்பாறை பக்கத்து எஸ்டேட்டான புதுத்தோட்டத்தில்தான் இருந்தது.

புதுத்தோட்டத்தின் சிங்கவால் குரங்குகள் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதவை. மழைக்காட்டின் மர உச்சியிலேயே வாழ்ந்து பழகிய இனம். இங்கே காடு தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே துண்டாகிக் கிடக்கிறது, ஊடே சாலையும் போகிறது. அதனால் தரைக்கு இறங்குகின்றன, வண்டியில் அடிபடவும் செய்கின்றன. அவை சாலையை மேலாகவே கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முதலில் அந்தப் பாலத்தைத்தான் காட்டுவேன். குரங்கு எந்த நிலைமையில் வாழ்கிறது என்று தெரியாமல் அதன் முகத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்பைச் சாம்பலாக்கி, பிடரியை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தைப் பாதியாக, குறைக்கச் சொன்னேன். நிழலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200 போனாலும் பரவாயில்லை, ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்றேன். இதெல்லாம் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

பெரிய ஆண் ஒன்று தாழ்ந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தது. எட்டுப் பேரும் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தார்கள். அது வாயை அகலத் திறந்து கோரைப்பல் முழுக்கத் தெரியக் கொட்டாவி விட்டது. சடசடவென்று ஷட்டர் சத்தம். "சார், செம ஷாட்! இன்னொரு தடவை விடுமா?" என்றார் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர்.

விட்டது, மறுபடியும் மறுபடியும். இந்த வகைக் குரங்குகளில் ஆண் இப்படி அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டால் அது பெரும்பாலும் தூக்கத்தால் அல்ல. பதற்றம், ஒரு மிரட்டல். பின்னாலேயே குட்டியை வயிற்றில் ஒட்டியபடி ஒரு தாய் இறங்க வழி பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரையும் பத்தடி பின்னால் வரச் சொன்னேன்.

"இதுக்குத்தானே சார் காசு கட்டி வந்திருக்கோம்," என்றார் வங்கிக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. வருஷத்தில் கிடைக்கிற சொற்ப லீவில் வந்திருக்கிற மனிதர், அவர் கேட்டதில் நியாயம் உண்டு. "அது நம்மைப் போகச் சொல்லுதுங்க," என்று மட்டும் சொன்னேன். பின்வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் குரங்குக் கூட்டம் முழுக்கப் பாலம் வழியாகச் சாலையைத் தாண்டி மறைந்துவிட்டது. அவர் நினைத்த படம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த இடத்தில் வேறு முடிவு எடுத்திருக்க மாட்டேன்.

மதியம் இன்னொரு பேச்சு வந்தது. ஓர் எஸ்டேட்டில் இருவாட்சிப் பறவையின் கூடு இருக்கும் மரம் தனக்குத் தெரியும் என்றார் ஜீப் ஓட்டிய அண்ணன். குழு துள்ளியது. முடியாது என்றேன். பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் போய், சின்னப் பிளவு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும் காலம் அது. ஆண் கொண்டுவரும் அத்திப்பழமும் மற்ற தீனியும்தான் உள்ளே சாப்பாடு. கீழே ஆள் கூட்டம் நின்றால் ஆண் மரத்துக்கு வரத் தயங்கும். நமக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு, உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு வேளைப் பட்டினி. இதை விளக்கியதும் ஜீப் அண்ணன்தான் முதலில், "சரி, வேண்டாங்க," என்றார்.

அதற்குப் பதில், காய்த்த அத்திமரம் ஒன்று தெரியும்படி சாலையோரத்தில் தள்ளி நின்றோம். இருவாட்சி கண்ணில் படும் முன்பே சிறகு காற்றை அறுக்கும் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்டது, தூரத்தில் ரயில் வருகிற மாதிரி. ஷட்டரை 1/2000 நொடியில் தயாராக வைத்திருந்த மூன்று பேருக்குச் சிறகு தெளிவாக விழுந்தது. மற்றவர்களுக்குக் கலங்கல்.

இரவு தங்குமிடத்தில் படங்களைப் போட்டுப் பார்த்தோம். வங்கிக்காரர் கடைசியாக ஒன்றைக் காட்டினார். பின்வாங்கிய பிறகு சும்மா எடுத்தாராம். பாலத்தில் சின்னதாகக் குரங்குகள், கீழே தார்ச்சாலை, வளைவில் ஒரு பஸ். "முகமே தெரியலயே" என்றார் ஒருவர். எனக்கு அந்த நாளின் முக்கியமான படம் அதுதான். காரணத்தைச் சொன்னேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் இல்லை. பேச்சு சாப்பாடு வரைக்கும் நீண்டது.

இப்போதெல்லாம் பணம் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறேன்: கூட்டுக்குப் போக மாட்டோம், தீனி போட மாட்டோம், விலங்கு பதறினால் கிளம்பிவிடுவோம். படித்துவிட்டு விலகுகிறவர்கள் உண்டு. அந்த வங்கிக்காரர் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், மனைவியையும் சேர்த்து.