வாசல் காங்கிரீட்டில் மழைநீர்க் காடி: 14 இஞ்ச் கட்டர் வைத்து வெட்டிப் பார்த்தது

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு முன்வாசல் முழுக்க காங்கிரீட். கார் நிற்க வேண்டும், சேறு மிதிபடக் கூடாது என்று அப்பா காலத்தில் போட்டது. ஏறக்குறைய 400 சதுர அடி. அதன்மேல் 10 மி.மீ. மழை பெய்தால் 370 லிட்டர் தண்ணீர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. பெய்கிறது, அந்தக் கணக்கில் 50 ஆயிரம் லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரியில் நாலு லோடு. மொட்டைமாடித் தண்ணீருக்கு, மழைநீர் சேகரிப்பு 2003-ல் சட்டப்படி கட்டாயமானபோதே, மண்ணுக்குள் இறக்கக் குழி எடுத்தாயிற்று. வாசல் தண்ணீர் மட்டும் கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2019 கோடையில் லாரிக்காக வாசலில் காத்துக்கிடந்த வீட்டுக்கு இது கொஞ்சம் அதிகமான தாராளம்.

திட்டம் எளிது. கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே 10 அடி நீளம், 8 இஞ்ச் அகலத்தில் காடி எடுப்பது, மேலே இரும்பு கிரேட்டிங், முனையில் ஒரு வண்டல் தொட்டி, அங்கிருந்து பழைய குழிக்கு பிவிசி பைப். வார நாட்களில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. சனி, ஞாயிறு கரணை பிடிப்பது பொழுதுபோக்கு.

தெரிந்த மேஸ்திரியிடம் சொன்னேன். "மெஷின்லாம் எதுக்கு சார்? ரெண்டு ஆளு, ஒரு சம்மட்டி, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். உடைப்பது பிரச்சினையே இல்லை. எங்கே உடைப்பது நிற்கிறது என்பதுதான் பிரச்சினை. வெட்டாமல் சம்மட்டி போட்டால் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடும், கேட் தூண் வரைக்கும் போகும். ஓரம் பல்லிளித்தால் கிரேட்டிங் சட்டம் உட்காராது. கட்டர் செய்வது கோடு போடுகிற வேலை. தூள் பண்ணுகிற வேலை பிரேக்கருக்கும் உளிக்கும். இது மனசில் நின்றால் எந்த மெஷின் வேண்டும் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். வாட்டைப் பார்க்காமல் ஆழத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

அதனால் முதலில் தடிமன். காடி வரப்போகிற இடத்திலேயே ஹேமர் டிரில்லால் துளை போட்டு, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிவிளிம்பில் கொக்கி மாட்டி அளந்தேன். நடுவில் 4 இஞ்ச், தூண் பக்கம் 5. கீழே செங்கல் ஜல்லியும் மணலும்.

வட்ட பிளேடு முழு ஆரத்துக்கும் இறங்காது. நடுவில் பிடிக்கிற ஃபிளாஞ்சும் மெஷினின் உடம்பும் தடுக்கும். எல்லாரிடமும் இருக்கிற 4 இஞ்ச் மார்பிள் கட்டரில் 110 மி.மீ. பிளேடு, ஆரம் 55, வெட்டுவது ஏறக்குறைய 34 மி.மீ. டைல்ஸுக்கும், சுவரில் வயர் பைப் பதிக்கிற காடிக்கும் அது தாராளம். 9 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் இரண்டரை இஞ்ச் அளவுக்குப் போகலாம். ஆனால் தரையில் குனிந்து அந்த மெஷினை நேர்கோட்டில் நடத்துவது மணிக்கட்டுக்கு தண்டனை; அதற்குள் தண்ணீரும் போகக் கூடாது. 12 இஞ்ச் மின் கட்டரில் 100 மி.மீ., 14 இஞ்சில் 125 மி.மீ. வரை கிடைக்கும். நடுப்பகுதியில் முழு ஆழம் வெட்டத் தேவையே இல்லை. பாதி வெட்டிவிட்டால் அந்தக் கோட்டிலேயே உடையும். தூண் பக்கத்தில் மட்டும் அதிர்வே இருக்கக் கூடாது, அடிவரை வெட்டியாக வேண்டும். அந்த ஒன்றரை அடிக்காகத்தான் 14 இஞ்ச். இதை விலைக்கு வாங்க எந்த நியாயமும் இல்லை. வாடகைக்கு எடுத்தேன். பெட்ரோல் மெஷினும் காட்டினார்கள். அது பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் வீடுகள் நிற்கிற தெருவுக்கு ஆகாது. புகை நேராகப் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போகும்.

பிளேடு மட்டும் சொந்தமாக வாங்கினேன், பாரிமுனை செம்புதாஸ் தெருவில். இதில்தான் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். டயமண்ட் பிளேடின் பல்லில் வைரத்துகளை ஓர் உலோகக் கலவை பிடித்து வைத்திருக்கிறது. வெட்ட வெட்ட அந்தக் கலவை தேய்ந்து, மழுங்கிய துகள் விழுந்து, புதுத் துகள் வெளியே வரவேண்டும். கடினக் கல் கலவையை அவ்வளவாகத் தேய்க்காது. அதனால் அதற்கு மிருதுவான கலவை. செங்கல், புதுக் காங்கிரீட் மாதிரி மணல் உதிர்கிற பொருள் வேகமாகத் தேய்த்துவிடும். அதற்குக் கெட்டிக் கலவை. கேட்கும்போது தலைகீழாகத்தான் தோன்றும். கடைக்காரர் "எதை வெட்டப் போறீங்க?" என்று கேட்டால் "காங்கிரீட்" என்பதோடு நிறுத்தாமல் பழசா புதுசா, என்ன ஜல்லி என்றும் சொல்லுங்கள்.

நம்ம ஊர் ஜல்லி கடினத்தில் சாமானியப்பட்டதில்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்தது. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் அவர் பெயர். ஆங்கிலேயர் கல்கத்தாவை நிறுவியவரென்று சொல்லப்படுகிறவர், நம்ம பல்லாவரம் ஜல்லிக்குள் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தரையை உடைத்தபோது வந்த ஜல்லியும் கரும்பச்சை ஓடிய அந்த நிறம்தான்.

வாங்கியது இடைவெளிவிட்ட பல் வரிசை உள்ள பிளேடு. அந்த இடைவெளிகள் சூட்டையும் தூளையும் வெளியேற்றும். ஓரம் முழுசாக இருக்கும் பிளேடு டைல்ஸுக்கு, சில்லுப் பெயராமல் வெட்ட. இரண்டு எண்களைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒன்று துளை அளவு: 4 இஞ்சுக்கு 20 மி.மீ., 9 இஞ்சுக்கு 22.23, 14 இஞ்சுக்கு 25.4. மற்றது, பிளேடில் அச்சடித்த அதிகபட்ச ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது. அது மெஷினின் ஆர்பிஎம்மைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். பிளேடின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 14 இஞ்சுக்கு அது சுமார் 4,300 சுற்று. 4 இஞ்ச் கட்டர் 13,000 சுற்று சுற்றினாலும் விளிம்பு வேகம் 75 மீட்டர்தான். அதனால் பெரிய பிளேடைச் சின்ன மெஷினில், பிளேடை மறைக்கிற கார்டைக் கழற்றிவிட்டு மாட்டுகிற வித்தை வேண்டவே வேண்டாம். சைட்டில் இதைத் தினமும் பார்க்கலாம், அதனாலேயே சொல்கிறேன்.

மெஷின் 2,400 வாட். 230 வோல்ட்டில் பத்தரை ஆம்பியர். போர்ட்டிகோவில் இருந்தது 6 ஆம்பியர் சாக்கெட். அதை விட்டுவிட்டு வாஷிங் மெஷினின் 16 ஆம்பியர் பாயிண்டிலிருந்து 25 மீட்டர் ஒயர் இழுத்தேன், 2.5 சதுர மி.மீ. செம்பு. இதில் நாலு வோல்ட் போல இறங்கும். 1 சதுர மி.மீ. ஒயரானால் ஒன்பதுக்கு மேல் இறங்கும், ஒயரும் சுடும். டிரம்மில் சுற்றியிருந்தால் முழுசாகப் பிரித்துப் போடவேண்டும். சுருளாகவே விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகும். தண்ணீர் விட்டு வெட்டுவதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத லைனில் மெஷினைச் சொருகவே கூடாது. டெஸ்ட் பட்டனை அமுக்கி, அது விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆரம்பித்தேன்.

இந்த வேலையில் அதிக நேரம் எடுத்தது வெட்டுவதற்கு முந்தைய ஒரு விஷயம்: கேட் பக்கம் தரைக்கு அடியில் என்னவெல்லாம் ஓடுகிறது? சென்னையில் பல தெருக்களில் ஈபி கேபிள் தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸிலிருந்து மண்ணுக்கடியில்தான் வீட்டுக்குள் வருகிறது. மெட்ரோ வாட்டர் லைனும் சாக்கடை லைனும் அதே வழி. ஆர்சிசிபி வீட்டு மீட்டரைத் தாண்டி உள்பக்க லைனில் இருப்பது. சர்வீஸ் கேபிளை பிளேடு தொட்டால் அது காப்பாற்றாது. மீட்டர் பெட்டிக்குள் கேபிள் ஏறுகிற இடத்தையும் தெருவில் பில்லர் இருக்கிற இடத்தையும் நூல் பிடித்துப் பார்த்தேன். நான் முதலில் நினைத்திருந்த கோட்டை அது குறுக்கே வெட்டியது. அம்மாவிடம் கேட்டதற்கு, "உங்கப்பா கேபிளுக்கு மேல செங்கல் அடுக்கச் சொன்னார், இடது தூணை ஒட்டித்தான் வருது" என்றாள். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல். காடியை இரண்டடி உள்ளே தள்ளி, இடது முனையையும் தூணுக்கு முன்பே நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் கடைசி ஒரு அடிக்கு மெஷினே இல்லை, கை உளிதான்.

தூசி பற்றி. காங்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலில் போய்த் தங்குவது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. துண்டை மூக்கில் கட்டுவதால் பிரயோஜனமில்லை, குறைந்தது என்95 வேண்டும். அதைவிட முக்கியம், தூசியைக் கிளம்பவே விடாமல் இருப்பது. பிளேடில் நிமிஷத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் தொடர்ந்து பட்டால் பெரும்பகுதி அங்கேயே சேறாகிவிடும். செடிக்கு மருந்தடிக்கிற 16 லிட்டர் கைத்தெளிப்பானைப் புதுசாக வாங்கி, அதன் குழாயை மெஷினின் தண்ணீர் நாசிலில் மாட்டினேன். பம்ப் அடிக்கிற வேலை மைத்துனருக்கு. "மாமா, இதுக்கு நான் ஜிம்முக்கே போயிருக்கலாம்" என்று புலம்பிக்கொண்டே அடித்தார்.

சாக்பீஸ் கோடு தண்ணீரில் போய்விடும் என்பதால் எனாமல் பெயிண்டில் கோடு. அதை ஒட்டி ஒரு ரீப்பர் கட்டையை ஆணியடித்து, என்னிடம் இருந்த மார்பிள் கட்டரால் 1 செ.மீ. ஆழத்துக்கு முதல் காடி. இதற்கு மூடியில் துளைபோட்ட பாட்டில் தண்ணீரே போதுமாக இருந்தது. பெரிய பிளேடு அந்தக் காடிக்குள் இறங்கிவிட்டால் பிறகு அது பக்கவாட்டில் அலையாது. அடுத்து 14 இஞ்ச். ஒவ்வொரு நடைக்கும் ஓர் இஞ்ச் போல இறக்கினேன். அழுத்தவே வேண்டாம், மெஷினின் எடையே வெட்டும். பத்து கிலோவைத் தொடுகிற மெஷின். முக்கியமாகப் பழகவேண்டியது, வெட்டுக்குள் இருக்கும்போது கோணத்தைத் திருப்பாமல் இருப்பது. கோடு விலகினால் வெளியே எடுத்து, மறுபடி இறக்கவேண்டும். பிளேடின் முன்பக்க மேல் கால்வட்டம் எதிலும் படக் கூடாது. பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அதனால் பிளேடின் நேர்க்கோட்டில் தலையை வைக்காமல் ஒரு பக்கமாக நின்றேன்.

வலது பாதியில் சத்தம் மாறியது. கீச்சென்ற குரல், முன்னேற்றம் இல்லை. ஜல்லி நெருக்கமாக இருந்த இடம், பிளேடு பாலிஷ் ஏறிவிட்டது. பல்லைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி வழவழப்பு. ஒரு சேம்பர் செங்கலை எடுத்து நாலு வெட்டு வெட்டினேன். கலவை தேய்ந்து, சொரசொரப்பு திரும்பியது. அதன் பிறகு பழைய வேகம்.

மூலைகளில் வட்ட பிளேடு அடியில் கொஞ்சத்தை வெட்டாமல் விடும். அதை முடிக்க மேலே கோட்டைத் தாண்டி வெட்டினால் அந்தக் கீறல் பிற்பாடு விரிசலாக வளரும். நாலு மூலையிலும் முதலிலேயே 16 மி.மீ. துளை போட்டுவிட்டதால் வெட்டு துளையில் வந்து முடிந்தது.

காதுக்கு அடைப்பான் கட்டாயம். பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு நிறுத்தினேன். எதிர்வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "பன்னெண்டு மணிக்கு சீரியல் ரிபீட் இருக்கு, அந்த அரைமணி மட்டும் விட்டுடு" என்றார். விட்டேன், பிளேடும் மோட்டாரும் ஆற அந்த இடைவேளை தேவையாகவும் இருந்தது.

சிமெண்ட் சேற்றைத் தெருவின் மழைநீர் வடிகாலில் தள்ளவில்லை. அங்கே போய் இறுகினால் எடுக்க முடியாது. காரத்தன்மை உள்ளது, வெறும் காலில் பட்டால் புண்ணாகும். பூட்ஸ் போட்டே அள்ளினேன். மணலைத் தூவி, காய்ந்ததும் மூட்டை கட்டியாயிற்று.

உடைக்க மேஸ்திரியே வந்தார். வெட்டின கோட்டுக்குள் பிரேக்கரை வைத்ததும் தரை துண்டு துண்டாக, இட்லித் தட்டிலிருந்து கழன்று வருகிற மாதிரி வந்தது. ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த சைட்டுக்கு இந்த மெஷின் எங்க கிடைக்கும் சார்?" என்றார். சம்மட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு நடந்தது வழக்கமான கொத்து வேலை. பக்கங்களில் செங்கல், உள்ளே பூச்சு, டியூப் மட்டம் வைத்து 10 அடிக்கு ஒன்றேகால் இஞ்ச் வாட்டம். வண்டல் தொட்டி இரண்டடிக்கு இரண்டடி. கார் நிற்கிற வாசல் என்பதால் எண்ணெய் கலந்த முதல் தண்ணீர் குழிக்குப் போகாமல் இருக்க, தொட்டியில் ஒரு அடைப்பான் வைத்து முதல் மழையைத் திருப்பிவிடுகிற ஏற்பாடு. கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ நேரடி இணைப்பு கொடுக்கவில்லை.

கிரேட்டிங் வெல்டிங் கடையில் இருக்கிறது. காரின் எடை தாங்கவேண்டும் என்பதால் பட்டையைக் குத்துவாக்கில் வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பிளேடில் பல் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அடுத்து மாடி அறையில் ஏசி தண்ணீர்க் குழாய்க்குச் சுவரில் காடி எடுக்கவேண்டும். ஆழத்துக்கு மார்பிள் கட்டரே போதும், ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் விட முடியாது. கட்டரின் மேல் மூடி போட்டு வேக்குவம் கிளீனரில் இணைக்கிற உறை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். 110 மி.மீ. பிளேடுக்குப் பொருந்துகிறதை யாராவது சென்னையில் வாங்கிப் பயன்படுத்தியிருந்தால் எந்தக் கடை என்று சொல்லுங்கள்.