சனிக்கிழமைக் கூலி

போன மாதம் பெண் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒருவர் சமூகப் பொறுப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். 2013 கம்பெனிச் சட்டப்படி, வருஷத்துக்கு 5 கோடி லாபம் பார்க்கிற கம்பெனி, மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை அதற்கென்று செலவழிக்க வேண்டுமாம். பக்கத்து நாற்காலியில் இருந்த ஊறுகாய் போடும் அக்கா என் காதில், "5 கோடிக்கு எத்தனை சைபர்?" என்றார்.

நான் மதுரையில் தாம்பூலப் பை தைத்துக் கொடுக்கிறேன். நாலு பவர் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், ஆறு பெண்கள். ஈரோட்டிலிருந்து காடாத் துணி வரும். வெட்டி, பெண் மாப்பிள்ளை பெயரை அச்சடித்து, தைத்துக் கட்ட வேண்டியதுதான். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது தொடங்கினேன். 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இறங்கியதும் ஆர்டர் கூடியது. துணிப்பை என்றாலே புண்ணியம் என்கிற மாதிரி எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

அது இறங்கியது ஒரு திங்கட்கிழமை. ஒரு பெரிய கடைக்கு 8,000 பை கொடுத்து மூன்று மாதமாகியும் பணம் வரவில்லை. சிறுதொழில் செய்கிறவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006 சட்டம் சொல்கிறது. தெரியும். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யமும் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர்? வாயை மூடிக்கொண்டு, அதற்கு முந்தின சனிக்கிழமை, வாரக் கூலி கொடுக்க வேண்டிய நேரத்தில், "அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்கா" என்று ஆறு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவரும் மறுபேச்சு பேசவில்லை.

திங்கள் அன்று ஓவர்லாக் அக்கா வரவில்லை. வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை குழுக் கடன் தவணை. ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டு அடைக்க வேண்டும். அக்காவை நடுவில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி. "நீ சனிக்கிழமை தருவேன்னு நம்பித்தானே பாப்பா குழுவுல சொல்லிட்டு வந்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கடைக்காரர் எனக்குச் செய்ததை நான் அப்படியே அக்காவுக்குச் செய்திருக்கிறேன். எனக்காவது சட்டம் தெரிந்திருந்தது.

1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம் என்பதை எல்லா மேடையிலும் சொல்வார்கள். அங்கே உருட்டுக் கூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுவார்கள் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அந்த 80 ரூபாயைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்காமல் துணியில் கத்தரி வைப்பதில்லை. "பைக்குப் போய் அட்வான்ஸா?" என்று இரண்டு பேர் போய்விட்டார்கள், போகட்டும். அட்வான்ஸிலிருந்து முதலில் கூலியை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். கரண்ட் பில் கட்டப் பணமில்லாத அன்றுகூட அதில் கை வைக்கவில்லை. சரி, ஒரே ஒரு தடவை வைத்தேன், வெள்ளிக்கிழமை திருப்பிப் போட்டுவிட்டேன்.

அடுத்து ஆடி வருகிறது. கல்யாணம் கிடையாது, தாம்பூலப் பையும் கிடையாது. குழுத் தவணைக்கு ஆடி, ஆவணி தெரியாது. நேற்றுக் கணக்குப் பார்த்தேன், கூலிக் கணக்கு மூன்றாவது சனிக்கிழமை வரை தாங்கும். நாலாவதுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பை 500 கேட்டிருக்கிறேன். மாதிரி தைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அக்கா ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறார்.