ஐந்து வளையம், ஒரு ரம்பம்

நேற்று ராத்திரி ஒருவழியாக நாலாவது வளையமும் சொன்ன இடத்தில் அறுந்தது. மூன்று வாரமாக ஒரு நாடகத்துக்கான மரப்பெட்டியோடு மல்லுக்கட்டுகிறேன். நாடகத்தில் எனக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.

கதை அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஹென்றி பிரவுனுடையது. மனைவியையும் பிள்ளைகளையும் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். 1849 மார்ச்சில் அவர் தப்பிக்க, அடிமை முறை இருந்த ரிச்மண்டிலிருந்து அது இல்லாத ஃபிலடெல்பியாவுக்கு ஒரு பெட்டிக்குள் தன்னையே பார்சலாக அனுப்பிக்கொண்டார். உள்ளே 27 மணி நேரம். பெட்டி 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி 8 அங்குல ஆழம். கொஞ்சம் பெரிதாக்கலாமே என்றார் இயக்குநர். அசையவில்லை நான். பின்பக்கப் பலகையை மட்டும் எடுத்துவிட்டேன். பெட்டி தலைகீழாகப் புரளும் இடத்தில் விளக்கு அணையும். நடிகர் அவ்வழியே நழுவி, புரட்டி முடித்ததும் திரும்ப உள்ளே போய்விடுவார்.

வினை வளையத்தில்தான். பெட்டியைச் சுற்றி ஐந்து ஹிக்கரி மர வளையங்கள் இருந்தன, அவற்றை அறுத்துத்தான் திறந்தோம் என்று ஃபிலடெல்பியாவில் தப்பி வந்த அடிமைகளுக்கு உதவியவரும் பெட்டியைத் திறந்தபோது அங்கே நின்றிருந்தவருமான வில்லியம் ஸ்டில் எழுதியிருக்கிறார். ஆக, மேடையிலும் அறுக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் பட்டை மூலையில் வளைக்கும்போதே முறிந்தது. பிரம்பை இரவெல்லாம் ஊறவைத்தால் அழகாக வளைகிறது, காய்ந்ததும் ஒரு அங்குலம் வாயைப் பிளக்கிறது. சரி, பிளந்தால் பிளக்கட்டும் என்று அந்த இடைவெளியிலேயே பால்சா என்கிற லேசான, மெத்தென்ற மரத்தில் ஒரு துண்டைச் செருகினேன். தினமும் அறுபடப்போகும் பலியாடு அதுதான். ஆனால் ரம்பம் பட்டதும் துண்டு ஆடியது. சத்தமும் காகிதம் கிழிகிற மாதிரி. அடியில் ஒரு தேக்குக் கட்டையை முட்டுக்கொடுத்த பிறகுதான் ஆட்டம் நின்றது, சத்தமும் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்! பால்சா விற்பவர் சில்லறையாகத் தர மாட்டேன் என்று அடம்பிடித்ததால் வீட்டில் இப்போது ஒரு கட்டே கிடக்கிறது.

ஒத்திகையில் மூடியைத் திறந்ததும் பிரவுன் எழுந்து பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றைப் பாட வேண்டும். நடிகருக்குக் கால் மரத்துப்போய் எழவே முடியவில்லை, பெட்டி விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். அப்படியே வைத்துக்கொள் என்றார் இயக்குநர். பெரிதாக்கச் சொன்ன அதே மனிதர்.

1850இல் பிரவுன் அடிமை வாழ்வைத் தொடர் ஓவியமாக நீளத் துணியில் வரைவித்து, ஊர் ஊராகச் சுருட்டி விரித்துக் காட்டினார். அதையும் மேடையில் ஓட்டிப் பார்க்க ஆசை. உருளைக்கு பிவிசி குழாய் போதுமா, நடுவில் தொய்யுமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாவது வளையம் இன்னும் வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது.