தண்ணீர் வற்றிய கால்வாயில் ஒரு நடை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியலுக்கு மேற்கே சுமார் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது கோத்தோ-டு-லாக். செயின்ட் லாரன்ஸ் ஆற்றோடு டெலில் ஆறு வந்து சேரும் முனை அது. அங்குள்ள பழைய கால்வாயில் இப்போது தண்ணீர் இல்லை. இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். மொத்தமே சுமார் 100 மீட்டர்தான், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து மறுபடி நடந்தேன், இந்த முறை மெதுவாக.

வட அமெரிக்காவில் நீர்க்கதவுகள் வைத்துக் கட்டிய முதல் கால்வாய் இது. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பெருஏரிகளின் கரையிலிருந்த பிரிட்டிஷ் கோட்டைகளுக்கு மாவும் வெடிமருந்தும் இந்த ஆற்று வழியாகத்தான் போயாக வேண்டும். ஆனால் இந்த இடத்தில் ஆறு பாறைகளில் மோதிச் சீறிப் பாய்கிறது. சரக்கை இறக்கித் தோளில் சுமக்க வேண்டும். வெறும் படகைக் கயிறு கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆட்கள் எதிர்நீரில் இழுக்க வேண்டும். ஆளுநர் ஹால்டிமண்ட் உத்தரவிட, பொறியாளர் வில்லியம் ட்விஸ் 1779-இல் வேலையைத் தொடங்கினார். 1781-க்குள் மூன்று நீர்க்கதவு அறைகளோடு கால்வாய் தயார். படகு ஓர் அறைக்குள் நுழையும், பின்கதவை மூடுவார்கள். மேலிருந்து தண்ணீர் நிறைய நிறையப் படகும் உயரும், முன்கதவு திறக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1750 வாக்கிலேயே இங்கே கரையோரமாகக் கல்லடுக்கிப் படகுக்கு ஒரு வழி செய்திருந்தார்கள். அவர்களுக்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே பூர்வகுடிகள் இதே முனையில் படகைத் தூக்கிக்கொண்டு கடந்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் இந்த இடத்தின் பெரிய கதை.

வழி முக்கியமென்றால் காவலும் வேண்டும். அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போரின்போது இங்கே எழுந்த எண்கோண மரக் காவல்மாளிகையை 1960-களில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். துப்பாக்கி நீட்டுவதற்கு விட்ட இடுக்கில் கண்ணை வைத்தால், கைப்பிடி அகலத்துக்கு ஆறு மட்டும் தெரிகிறது. அங்கே நின்றவனுக்கு நாள் முழுக்க அதுதான் உலகம்.

பொஹார்னுவா நீர்மின் நிலையம் ஆற்று நீரில் பெரும்பகுதியை வேறு பக்கம் திருப்பிவிட்டதால் இங்கே மட்டம் இறங்கிவிட்டது, அதனால்தான் கால்வாய் வறண்டது. கடற்கப்பல்களே உள்நாட்டுக்குள் போகும் செயின்ட் லாரன்ஸ் பெருவழி 1959-இல் திறக்கப்பட்டது. அதிலும் கதவு மூடி, தண்ணீர் ஏற்றி, கப்பலைத் தூக்கும் அதே வித்தைதான்.

கிளம்பும்முன் கால்வாய்ச் சுவரின் ஒரு கல்லில் உள்ளங்கையைப் பதித்தேன். வெயிலில் சூடேறியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு இரைந்துகொண்டே இருந்தது.