ஹெண்டி வுட்ஸ்: பகலில் வெயில், இரவில் ஈரம்

ஆண்டர்சன் பள்ளத்தாக்குக்கு கேம்பிங் கிளம்புகிறவர்கள் பலரும் வெயில் காயும் ஒயின் ஊரான நாபாவுக்குப் போகிற நினைப்பில்தான் மூட்டை கட்டுகிறார்கள். அரைக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன். பகலுக்கு அது போதும். ராத்திரி பத்து மணிக்குப் பல் தந்தியடிக்கும்போதுதான் விஷயம் புரியும்.

கலிஃபோர்னியாவின் மெண்டசினோ கவுண்டியில், இந்தப் பள்ளத்தாக்கின் ஃபைலோ என்ற சிற்றூரைத் தாண்டியதும் வருகிறது ஹெண்டி வுட்ஸ் மாநிலப் பூங்கா. கோடையில் பள்ளத்தாக்கு 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டு, அதே இரவில் 50-க்கு அருகே இறங்கிவிடும். பசிபிக் பனிமூட்டம் நவாரோ ஆற்றுப் பள்ளம் வழியாக உள்ளே ஏறி வருவதுதான் காரணம். அந்தக் குளிர்தான் திராட்சையின் புளிப்பு குறையாமல் காக்கிறது; பினோ நுவார், கெவூர்ட்ஸ்ட்ரமினர் என்ற ஒயின் திராட்சை வகைகள் இங்கே பேர் வாங்கியது அதனால்தான். உங்கள் டென்ட் விடியற்காலையில் நனைந்து தொங்குவதும் அதனால்தான். மற்ற ஏற்பாடுகளையெல்லாம் இதை மனதில் வைத்துச் செய்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்தால் 101 நெடுஞ்சாலையில் க்ளோவர்டேல் வரை, பிறகு 128-ஆம் நெடுஞ்சாலை. க்ளோவர்டேலிலிருந்து வழியில் வரும் பூன்வில் ஊர் முப்பது மைல்கூட இல்லை, ஆனால் வளைவுக்கு மேல் வளைவு; ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் வாந்தி மாத்திரையை க்ளோவர்டேலுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், குமட்டல் தொடங்கியபின் கொடுத்துப் பயன் குறைவு. பெட்ரோல், ஐஸ், மளிகை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஃபைலோ தாண்டி ஃபைலோ-கிரீன்வுட் சாலையில் இடப்பக்கம் திரும்பினால் அரை மைலில் பூங்கா வாசல். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

முன்பதிவு ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில், ஆறு மாதம் முன்னதாக, காலை 8 மணிக்குத் திறக்கிறது. கோடை வார இறுதிகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். மே மாதத்துப் பினோ நுவார் விழாவும் செப்டம்பரில் பூன்வில்லில் நடக்கும் கவுண்டிக் கண்காட்சியும் வருகிற வாரங்களைத் தவிர்த்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். அசேலியா, வைல்ட்கேட் என இரண்டு முகாம் பகுதிகள், மொத்தம் தொண்ணூற்றுச் சொச்சம் இடங்கள், கூடவே நான்கு கேபின்கள். ஒரு இடத்தில் அதிகபட்சம் 8 பேர். கடைசி நேரத்தில் தேடுபவர்கள் புதன், வியாழன் இரவுகளில் தளத்தைத் திறந்து பாருங்கள், அப்போதுதான் ரத்துகள் உதிரும்.

டென்ட் அடிக்குமுன் அண்ணாந்து பாருங்கள். பூங்காவில் ரெட்வுட் என்ற நெடுமரங்களோடு டக்ளஸ் ஃபர், பே லாரல், டான்ஓக் மரங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. டான்ஓக்கை 'சடன் ஓக் டெத்' என்ற நோய் இந்த வட்டாரத்தில் வெகுவாகக் கொன்றிருக்கிறது. காய்ந்து நிற்கும் டான்ஓக்கோ, ரெட்வுட் உச்சியில் சிக்கித் தொங்கும் முறிந்த கிளையோ தலைக்கு நேரே இருந்தால் டென்ட்டை நகர்த்துங்கள். காற்றில்லாத நாளிலும் கிளை விழும்.

அடுத்தது தரை. ரெட்வுட் அடியில் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். உதிர்ந்த ஊசியிலையும் பட்டைத் துணுக்கும் பல வருடம் சேர்ந்து மக்கிய அடுக்கு அது. படுக்கச் சுகம்தான், முளை மட்டும் நிற்காது. டென்ட்டோடு வரும் ஆறங்குலக் கம்பி முளைகள் ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத, 'V' வடிவ முளைகளை வாங்கி, தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் கயிற்றை ஒரு கனமான கட்டையில் சுற்றிக் கட்டுங்கள், உயிருள்ள மரத்தில் அல்ல.

கீழே விரிக்கும் தார்பாய் டென்ட்டின் அடிப்பரப்பைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மேல்விரிப்பில் வழியும் நீர் அதில் விழுந்து, தார்பாய்க்கும் தரைத்துணிக்கும் நடுவே போய்த் தேங்கும். டென்ட் ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் கதை இதுதான். மீதிப்பேர் குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை எல்லாம் மூடிவிடுகிறவர்கள். இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சே உள்துணியில் நீராகப் படியும். மேல் துளையையும் கீழே ஒரு மூலையையும் திறந்தே வையுங்கள். குளிரை டென்ட்டால் அல்ல, ஸ்லீப்பிங் பேக்கால் சமாளியுங்கள். 30 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கணக்கிட்டதாக இருக்கட்டும், அடிமெத்தையின் ஆர் மதிப்பு (சூடு தரைக்கு இறங்காமல் தடுக்கும் திறனின் அளவு) 3-க்குக் குறைய வேண்டாம். காற்று மட்டும் அடைத்த சாதா மெத்தை முதுகுச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். சோலார் பேனல் கொண்டுவருவது வீண், கிளைகளைத் தாண்டி வெளிச்சம் இறங்குவதே அபூர்வம்.

விறகை வீட்டிலிருந்து தூக்கி வராதீர்கள். மரம் துளைக்கும் பூச்சியும் பூஞ்சையும் அப்படித்தான் மாவட்டம் தாண்டிப் பரவுகின்றன. காட்டில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கவும் அனுமதியில்லை. பூங்காவிலோ பக்கத்துக் கடையிலோ கட்டாக வாங்குங்கள். ஒரு கட்டு ஒன்றரை மணி நேரம் தாங்கினால் அதிகம். கோடை முற்றும்போது விறகுத் தீக்கு முற்றிலும் தடை வரலாம். அதனால் மூடி-திறக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்பு கையில் இல்லாமல் சமையலுக்குத் திட்டம் போட வேண்டாம்.

தீயை இரும்பு வளையத்துக்குள் மட்டுமே மூட்டுங்கள். மேலே சொன்ன மக்கிய அடுக்கு வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டு போகும் சுபாவம் கொண்டது. மேலே மண்ணை அள்ளிப்போட்டு மூடினால் அணைந்தது போலத் தோன்றும், அணையாது. ஒரு வாளி நீர் ஊற்றி, குச்சியால் கிளறி, கட்டைகளைப் புரட்டி, இன்னொரு வாளி ஊற்ற வேண்டும். புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் மூன்றாவது வாளி.

மூன்று மூன்றாக இலை விடும், தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஓக் செடி பாதையோரம் தாராளமாக இருக்கிறது. பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும், வெந்நீர் வேண்டாம். சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாம் முகாம் இடத்து அலமாரிக்குள்ளோ காருக்குள்ளோ போகட்டும். ரக்கூனுக்கு ஐஸ்பெட்டி மூடி ஒரு பொருட்டே இல்லை. நாய்க்கு முகாமிலும் தார்ச்சாலையிலும் மட்டுமே இடம், நடைபாதைகளில் இல்லை.

பூங்காவின் உயிர் 80 ஏக்கர் பிக் ஹெண்டி தோப்பு. கோடாலி படாத பழங்காடு, சில மரங்கள் 300 அடியைத் தாண்டும். பாதை பெரும்பாலும் சமதளம். பெரியவர்களைத் தைரியமாக அழைத்துப் போகலாம். 20 ஏக்கர் லிட்டில் ஹெண்டியில் கூட்டம் குறைவு. பெயர், இரும்பு வார்ப்பாலை முதலாளி ஜோஷுவா ஹெண்டியுடையது. சன்னிவேல்காரர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்; அவர் தொடங்கிய கம்பெனி பிறகு அங்கேதான் இயங்கியது. பெத்ரோவ் ஸைலென்கோ என்ற துறவிபோன்ற மனிதர் 1981-இல் இறக்கும்வரை 18 வருடம் இந்தக் காட்டில் குடிசை போட்டு வாழ்ந்தார். அந்தக் குடிசை வரை போக ஒரு பாதை இருக்கிறது.

ஒயினுக்கு வருவோம். ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங் அறைகள் மாலை ஐந்துக்குள் பெரும்பாலும் மூடிவிடும். காலை உணவு முடித்து 11 மணிக்குப் போய், ஒன்றோ இரண்டோ இடத்தோடு நிறுத்துவது நல்லது. 1971-இல் தொடங்கிய ஹஷ், பள்ளத்தாக்கின் மூத்த ஒயின் தோட்டங்களில் ஒன்று. நவாரோ வின்யார்ட்ஸில் கெவூர்ட்ஸ்ட்ரமினர், பினோ நுவார் திராட்சைகளின் போதையில்லாச் சாறு விற்கிறார்கள். வண்டி ஓட்டுபவருக்கும் பிள்ளைகளுக்கும் அதை வாங்குங்கள், ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால் என்ற சட்ட வரம்பு ஒருபக்கம் இருக்கட்டும், 128-இன் வளைவுகளுக்கு அரைக்கோப்பையே அதிகம். திறந்த பாட்டிலை இருக்கைப் பக்கம் வைத்து ஓட்டினால் அதுவே குற்றம், டிக்கியில் போட வேண்டும். மூடிய பாட்டிலுக்கு அதே டிக்கி எமன்: வெயிலில் நிற்கும் காரில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளிவிடும். டவலில் சுற்றி ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

கிளம்பும் நேரம் நண்பகல் 12. மரத்தடியில் வெயில் வர அதற்குள் பாதி நேரம் போய்விடும், டென்ட் தானாகக் காயாது. மேல்விரிப்பை மட்டும் முதலில் கழற்றி உதறி, வெயில் விழும் திறந்த இடத்துக்குக் கொண்டுபோய் விரித்தால் அரைமணியில் காய்ந்துவிடும். ஈரத்தோடு சுருட்டுவதைத் தவிர வேறு வழியில்லையென்றால் தனிப் பையில் போட்டு, வீட்டுக்குப் போன அன்றே பிரித்துக் காயப்போடுங்கள். இரண்டு நாள் விட்டால் பூசணம் பிடிக்கும், அந்த வாடை எந்தச் சோப்புக்கும் மசியாது.