பம்ப் ஒயில்

சித்திரை வெயிலில் நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருபாலைச் சந்தி தாண்டும்போது பொனற்றுக்குள் அணில் கத்துவது மாதிரி ஒரு சத்தம். அக்சிலேற்றரை அழுத்தினால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. சந்தையில் குலையை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். என் வண்டி 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப், 948 சிசி எஞ்சின். சூட்டைக் காட்டும் முள் இந்த வண்டியில் கிடையாது. காதும் மூக்கும்தான் முள்.

முதலில் பெல்ற்றா என்று பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பெல்ற்றில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், பெல்ற்றின் சத்தம் என்றால் உடனே மாறும். மாறவில்லை. நீட்டு ஸ்குறூ டிறைவரின் நுனியை, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்தேன்; ஒன்றுமில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வோட்டர் பம்பில் வைத்ததும் உள்ளே மணல் அரைபடுவது போலக் கேட்டது. விசிறி தனியாகச் சுற்றுவதில்லை, பம்பின் தண்டிலேதான் பூட்டியிருக்கிறது. அதனால் விசிறி சத்தம் போடுகிறது என்று நாங்கள் சொல்வது அநேகமாகப் பம்பின் பெயாறிங் போடும் சத்தம்தான்.

வாகனம் திருத்தும் கராச்சில் வேலை செய்யும் தம்பி வந்து பார்த்தார். "அண்ணை, பம்பை மாத்துங்கோ. இதுக்கு ஒயில் விடுற இடம் ஒண்டும் இல்லை" என்றார். அவர் பழகிய வண்டிகளில் இல்லைதான். இதே எஞ்சினுக்குப் பிறகு வந்த பம்புகளிலும் பெயாறிங்கை மூடித்தான் செய்தார்கள்.

ஆனால் பொனற்றின் உட்பக்கத்தில் அப்பா வெள்ளைப் பெயின்ரால் எழுதிய வரிசை ஒன்று இருக்கிறது. மேலே "பம்ப் ஒயில்", கீழே திகதிகள். மண்ணெண்ணெயில் ஓட்டி, ஸ்ரார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்த, போர்க்கால எரிபொருள் தடைக்காலத்திலும் அந்த வரிசை நிற்கவில்லை. 1995க்கும் 1997க்கும் நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. அது நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த காலம். கடைசித் திகதி 2011. ஒயில் விட ஓர் இடம் இல்லாமல் அப்பா இதை எழுதியிருக்க மாட்டார்.

பற்றரி வயரைக் கழட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல்தூரிகையால் பம்பைத் தேய்த்தேன். ஒரு விரல் தடிப்புக்கு அழுக்கு. அதற்குக் கீழே பெயின்ற், பெயின்ற்றுக்குக் கீழே ஒரு சிறிய திருகாணித் தலை! மண்ணெண்ணெய் ஊறட்டும் என்று இரவு முழுக்க விட்டு, காலையில் மெல்ல மெல்ல அசைத்துக் கழட்டினேன். துளைக்குள் வரண்ட கறுப்புப் பிசின்தான் இருந்தது.

ஒயில் விடமுதல் பார்க்க வேண்டியது இரண்டு. பெல்ற்றைத் தளர்த்தி, விசிறியின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். நன்றாக ஆடினால் பெயாறிங் முடிந்துவிட்டது, ஒயில் உதவாது. பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையால் தண்ணீர் சொட்டினால் தண்ணீரை மறிக்கும் சீல் போய்விட்டது, அதற்கும் ஒயில் மருந்தில்லை. எனக்கு ஆட்டமும் இல்லை, சொட்டும் இல்லை.

இதற்கு 140 நம்பர் ஒயில், தேன் மாதிரித் தடிப்பானது. ஸ்ரான்லி வீதியில் வாங்கி, ஊசியில்லாத சிறிஞ்சால் நாலைந்து சொட்டு விட்டேன். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. கூடினால் ஒயில் பெயாறிங்கைத் தாண்டி உள்ளே கார்பன் சீலின் முகத்தில் படும், பிறகு தண்ணீர் ஒழுகத் தொடங்கும். விசிறியைக் கையால் சுற்றினேன். முதல் பத்துச் சுற்றுக்கும் கரகரத்தது. பிறகு இறுக்கம் தளர்ந்து, கையை எடுத்த பின்னும் அரைச் சுற்று தானாகவே ஓடி நின்றது. அந்த அரைச் சுற்றைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

டைனமோவின் பின்பக்கத் துளைக்கும் இரண்டு சொட்டு எஞ்சின் ஒயில் விட்டேன். பெல்ற்றை நடுவில் பிடித்தால் ஓர் அங்குலம் அசையும் அளவுக்கு இறுக்கினேன்.

ரேடியேற்றரையும் திறந்து கழுவினேன். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டியவை. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் படிகிறது. விசிறி எவ்வளவு சுற்றினாலும் குழாய் அடைத்தால் சூடு இறங்காது. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இரண்டு கான் இருந்தது, அதை ஊற்றினேன்.

ஸ்ரார்ட் பண்ணினேன். அணில் இல்லை. பொனற்றை மூடமுதல் வெள்ளைப் பெயின்ற் எடுத்து, 2011க்குக் கீழே இன்றைய திகதியை எழுதினேன்.